மார்த்தா செய்த பன்னிரண்டு கலங்கள்

பேசாலையில் ஒரு வீட்டுப் பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மை என்றால், வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுக்குமுன்னரே மார்த்தாவிடம் கேக்குக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். கலியாணத்துக்கு நாட்குறித்தாலும், வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான் என்றாலும் வழக்கம் அதுவே. அவளுடைய வீடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் மூன்றாவது. படலையைத் திறந்ததும் ஒருபுறம் கணவன் பஸ்ரியனின் வலைகள் காயும். மறுபுறம் வெண்ணெயும் வனிலாவும் மணக்கும். இரண்டு மணங்களுக்கும் இடையே நடந்து போய்த்தான் எவரும் அவளிடம் கேக் சொல்ல வேண்டும்.

மார்த்தாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆறு வயதில் பெற்றோருடன் படகேறி இராமேஸ்வரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் எழுத்துப் படித்து, பின்னர் ஊர் திரும்பி மறுபடியும் பள்ளிக்கூடம் போனவள். பத்தாம் வகுப்பின் நடுவே தந்தை படுக்கையில் விழுந்தார். அத்துடன் படிப்பு நின்றது. விஞ்ஞானப் புத்தகத்தின் முதற் பாடங்களை மட்டும் அவள் படித்திருந்தாள். மீதிப் பக்கங்கள் புரட்டப்படாமலே இன்னொரு பிள்ளையின் கைக்குப் போயின. கருவாட்டு வாடியில் சில ஆண்டுகள் மீன் வெட்டினாள். மீன் பருவத்துக்கு வந்து கரையில் வாடியடித்துத் தங்கியிருந்த நீர்கொழும்புக் குடும்பமொன்றில் ஒரு பெண் பிறந்தநாள் கேக்குக்கு ஐசிங் இடுவதைக் கண்டு, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுழல்தட்டில் கேக்கை வைத்து அடிப்பூச்சுப் பூசியதும், அளக்க அடிமட்டம் எடுக்கமாட்டாள். இடக்கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பார்ப்பாள். பிறகு சுட்டுவிரல் நகத்தால், ஈரம் காயாத பூச்சின் நட்டநடுவில் ஒரு சிறு சிலுவை கீறுவாள். அதன்மேல்தான் தலைமைப் பொருள் அமரும். முதல் நன்மைக் கேக்கென்றால் வெள்ளை அப்பமும் அதைச் சுற்றிக் கதிர்களும். கலியாணக் கேக்கென்றால் மணமக்கள். மற்றப் பூவும் கொடியும் ரேந்தைப் பின்னலும் நடுவிலிருந்து புறமாக விரியும். நடு தப்பினால் யாவும் தப்பும் என்பது அவள் கொண்ட உறுதி. கோவிலிலும் நற்கருணைப் பேழை பீடத்தின் நடுவில்தானே இருக்கிறது? அந்தச் சிலுவைக் கீறல் பூச்சுக்கும் பொம்மைக்கும் இடையே மறைந்து போகும். அதைப்பற்றிக் கணவனையும் மகளையும் தவிர வேறெவரும் அறியார்.

திருநீற்றுப் புதன் வந்ததும் சுழல்தட்டு அலுமாரிக்குள் போய்விடும். தவக்காலத்தில் பேசாலையில் கலியாணம் இல்லை, கொண்டாட்டம் இல்லை. ஆகவே கேக்கும் இல்லை. அந்த நாற்பது நாளும் மார்த்தா பகலில் கிழிந்த வலை பொத்துவாள், மாலையில் சிலுவைப்பாதைக்குப் போவாள். இது ஆண்டுதோறும் நடப்பது. அந்த ஆண்டு மட்டும் வேறாக நடந்ததற்குக் காரணம் வஸீர் சேர் கொடுத்த ஒரு செயற்றிட்டம்.

வஸீர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். மன்னார் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிப்பவர். மார்த்தாவின் ஒரே மகள் றொஷேல் அந்த வகுப்பில் இருந்தாள். முந்திய ஆண்டில் பிள்ளைகள் ரெஜிபோம் நுரைப்பலகையில் கலங்களின், அதாவது உயிரணுக்களின், மாதிரிகளைச் செய்து, புள்ளி போட்டு முடிந்ததும் பள்ளியின் பின்மதிலோரம் குவித்துவிட்டார்கள். தெருவில் திரிந்த கழுதையொன்று உள்ளே வந்து, பசையில் ஒட்டிய அரிசிமாவுக்கு ஆசைப்பட்டு இரண்டு கலங்களை ரெஜிபோமோடு தின்றுவிட்டது. மூன்று நாள் அது எழும்பவில்லை. வகுப்பே அதைச் சுற்றி நின்று அழுதது. நான்காம் நாள் எழுந்து போய்விட்டதாயினும், வஸீர் சேருக்கு மனம் ஆறவில்லை. “இந்த முறை மாதிரி முழுவதும் சாப்பிடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். மனிசர் தின்னாத ஒன்றும் அதில் இருக்கக்கூடாது. அவரவர் கைவேலையாகவும் இருக்க வேண்டும்” என்று கரும்பலகையில் எழுதினார். நகரத்துப் பிள்ளைகளுக்கு விலங்குக் கலம். பேசாலை வீதியால் பேருந்தில் வரும் பன்னிருவருக்குத் தாவரக் கலம்.

முதலில் வந்தவர் அமிர்தநாயகம். படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர்; கோவில் பங்குச் சபையின் செயலாளர். திருவிழாக் கேக்கை மார்த்தாவிடம் ஆண்டுதோறும் ஒப்படைப்பவரும் அவரே. அவருடைய மகள் டிலோஜினி, றொஷேலுடன் ஒரே வாங்கில் இருப்பவள்.

“தங்கச்சி, உனக்கு உது ஒரு வேலையே? ஒரு சதுரக் கேக். மேல நாலு சாமான். பேர் எழுதின குச்சியைக் குத்திவிட்டாச் சரி.”

“பிள்ளை செய்யவேண்டியதெல்லே அண்ணை?”

“பிள்ளை செய்தா அதைப் பேந்து நான்தான் தின்னவேணும்.”

மார்த்தா சிரித்துவிட்டாள். அவர் கைபேசியில் பாடப்புத்தகப் பக்கத்தைக் காட்டினார். சதுரமான தாவரக் கலம். வெளியே தடித்த கலச்சுவர். நடுவே புன்வெற்றிடம் என்று பெயரிட்ட பெரியதொரு வெற்றிடம். ஓரத்தில், சுவரோடு ஒட்டினாற்போல், உருண்டையாகக் கரு. கலத்தின் தொழில்கள் யாவற்றையும் ஆளுவது கரு என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. மார்த்தா அதை இரண்டுதரம் வாசித்தாள்.

“இதென்ன அண்ணை, பெரிய ஆளைக் கொண்டுபோய் மூலையில தள்ளிக் கிடக்கு?”

“கீறினவன் இடம் காணாமத் தள்ளியிருப்பான். நீ வடிவாச் செய்.”

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆளுவதாக எழுதிவிட்டு, அதை மூலையில் நிறுத்துவது எப்படி? அச்சடித்தவர்களின் பிழையைத் தன் கையால் திருத்துவதாகவே எண்ணினாள். கேக்கின் நடுவில் சிலுவை கீறி, அதன்மேல் சிவப்பு ஐசிங்கில் உருட்டிய கருவை வைத்தாள். புத்தகத்தில் நடு இடத்தைப் பிடித்திருந்த வெற்றிடத்தைச் சிறிதாக்கி ஒரு பக்கம் ஒதுக்கினாள். பச்சைமணிகளை இலைக்கொடிபோல் சுற்றிவர அடுக்கினாள். அமிர்தநாயகம் அதைக் கண்டு மகிழ்ந்து படம் எடுத்து அனுப்ப, பேருந்துப் பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். சுழல்தட்டு அலுமாரியிலிருந்து வெளியே வந்தது. ஒரு கிழமையில் பதினொரு கலங்கள்.

றொஷேல் பேருந்தால் இறங்கி வந்து, முன்னறையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். திறந்து பார்க்கவில்லை.

“எத்தினை அம்மா?”

“பதினொண்டு.”

“தாவரக் கலம் எங்களில பன்னிரண்டு பேருக்குத்தான்.”

“மற்றது உன்ர. அதையும் ஒரேயடியா…”

“என்ர கலத்தில நீங்கள் கை வைக்கப்படாது.”

அவள் குரலில் இருந்தது கோபம் மட்டுமன்று. முந்திய ஆண்டு அவள் வரைந்த மீனின் படத்துக்கு வகுப்பில் முதலிடம் கிடைத்தது. பரிசை வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தபோது பின்வாங்கிலிருந்து ஒருத்தி, “தாய் கீறிக் குடுத்தது” என்றாள். மறுத்துச் சொல்லியும் எவரும் நம்பவில்லை. கேக்குக்காரியின் மகள் கையில் எது அழகாக வந்தாலும் அது தாயின் கை என்றே ஊர் எண்ணியது. ஒரு பொருளாவது தன் கைப்பொருளாக எண்ணப்பட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அது அழகாயிராவிட்டாலும் பரவாயில்லை. இதை அவள் தாய்க்குச் சொல்லியுமிருந்தாள்.

“சரி பிள்ளை, வைக்கேல்லை.”

“‘வைக்கமாட்டன்’ எண்டு சொல்லுங்கோ.”

“வைக்கமாட்டன்.”

வலைக்குப் பக்கத்தில் இருந்த பஸ்ரியன் தலைநிமிராமலே, “ரெண்டுபேரும் எழுதிக் கையெழுத்து வையுங்கோவன். சாட்சிக்கு நான் இருக்கிறன்” என்றான்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்து றொஷேல் தன் கலத்தைச் செய்தாள். கேக் அல்ல, சதுரமான எவர்சில்வர்த் தட்டில் கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றினாள். தட்டின் விளிம்போரம் வேஃபர் பிஸ்கற்றுகளை நிறுத்திக் கலச்சுவர் எழுப்பினாள். இழைமணிகளுக்குக் கஜுப் பருப்பு, பச்சையவுருமணிகளுக்கு அவித்த பட்டாணி, சிறுவலைக்கு இடியப்பத்தின் சில இழைகள். நடுவில் பாலூற்றிய கடல்பாசி பெரிதாக உறைந்தது, அது புன்வெற்றிடம். கருவுக்குத் தொதல் என்ற கறுப்பு இனிப்பில் ஓர் உருண்டை. அதை அவள் வேஃபர்ச் சுவரோடு சேர்த்து மூலையில் பதித்தாள். சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பட்டாணியில் இரண்டு பிளந்திருந்தன. அவள் தள்ளி நின்று பார்த்தாள். குளிர்ப்பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அத்தனை நேரமும் மார்த்தா குசினிப் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் பேருந்தில் றொஷேல் போய்விட்டாள். பள்ளி நேரத்துச் சன நெருக்கத்தில் தட்டைக் கொண்டுபோக முடியாது. எட்டு மணிப் பேருந்தில் தாய் கொண்டு வருவதாக ஏற்பாடு. மார்த்தா துணியால் மூடுவதற்காகத் தட்டை வெளியே எடுத்தாள். எடுத்தவள் பார்த்தாள்.

சாய்ந்த சுவரைப் பொறுத்தாள். பிளந்த பட்டாணியையும் பொறுத்தாள். மூலையில் கிடந்த தொதலைப் பொறுக்க அவளால் இயலவில்லை. மற்றப் பதினொரு பிள்ளைகளின் கலங்களிலும் கரு நடுவில் வீற்றிருக்க, தன் பிள்ளையின் கலத்தில் மட்டும் அது ஏச்சு வாங்கியதுபோல் மூலையில் கிடந்தது. அதையும் இதையும் ஒரே மேசையில் வைத்தால் சேர் என்ன நினைப்பார்? பிள்ளை அச்சுப்பிழையை அப்படியே பார்த்துச் செய்துவிட்டது, பாவம். செய்வதற்குத்தானே கை வைக்கமாட்டேன் என்றது. ஒன்றை இடம் மாற்றி வைப்பது செய்வதாகுமா? இவ்வாறு அவள் தனக்குள் வழக்குப் பேசித் தானே தீர்ப்பும் கூறிக்கொண்டாள்.

மெல்லிய கத்தியால், பால்நிறக் கடல்பாசியின் நடுவில் கோப்பை வாயளவு வட்டம் வெட்டி எடுத்தாள். குழியின் அடியில் கத்திமுனை தன்பாட்டில் ஒரு சிலுவை கீறியது. தொதலை அதில் இருத்தினாள். வெட்டி எடுத்த துண்டை உருக்கி இடைவெளிக்கும் மூலைக்கும் ஊற்றினாள். பத்து நிமிட வேலை. ஈரத்துணியால் தட்டின் விளிம்பைத் துடைத்தபோது அவள் மனம் நிறைந்திருந்தது.

பேருந்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நடத்துநர் துணியைப் பார்த்தார்.

“அக்கா, நோன்பு நாளில ஆருக்கு உந்தச் சாப்பாடு? எனக்கோ?”

“தொட்டா வகுப்பில கொண்டுபோய் இருத்திப் போடுவன் தம்பி. இது பாடம்.”

“பாடமெண்டா வேண்டாம். நான் எட்டாம் வகுப்போட அதை விட்டவன்.”

பேருந்து சிரித்தது. அந்த ஆண்டு தவக்காலமும் ரமழான் நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கியிருந்தன. மன்னார்த் தீவில் பாதிப்பேர் பகலில் உண்ணாமலும், மீதிப்பேர் இனிப்பும் இறைச்சியும் தொடாமலும் இருந்த நாள்கள் அவை.

வகுப்பறையில் மேசைகளை வரிசையாக இழுத்து மாதிரிகளை வைத்திருந்தார்கள். தூக்கி வந்த பெற்றோர் சிலர் யன்னலுக்கு வெளியே நின்றார்கள், அமிர்தநாயகமும் நின்றார். மார்த்தா தட்டை றொஷேலின் பெயர் எழுதிய மேசையில் துணியோடு வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். மகள் அப்போது முன்வரிசையில் விலங்குக் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வஸீர் சேர் ஒரு கரண்டியோடு வந்தார். “நான் நோன்பு. ருசி பார்க்க மாட்டன். நான் சொல்லுற பகுதியை நீங்கள் கரண்டியால தூக்கிக் காட்டி, அது என்ன வேலை செய்யுது எண்டு சொல்லவேணும்.” விலங்குக் கலங்களை முடித்துக்கொண்டு பேசாலை வரிசைக்கு வந்தார். முதல் மேசை டிலோஜினியுடையது. சேர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வடிவான வேலை. கருவைத் தூக்கும்.”

டிலோஜினி தூக்கினாள். வெள்ளைப் பூச்சில், நட்டநடுவில், நகத்தால் கீறிய சிலுவை ஒன்று தெரிந்தது. சேர் இரண்டாவது மேசையிலும் கருவைத் தூக்கச் சொன்னார். அங்கேயும் சிலுவை. மூன்றாவதிலும் நான்காவதிலும் அதுவே. பதினோராவது மேசை வரை ஒவ்வொன்றிலும் சிலுவை தெரிந்தது. யன்னலோரத்தில் மார்த்தாவின் சுட்டுவிரல் தானாகவே மடங்கியது.

“பதினொரு கலத்திலயும் கரு நடுவில வந்து இருக்கு. பதினொண்டுக்கும் அடியில குருசும் இருக்கு,” என்றார் சேர். “எல்லாரும் ஒரே கோவிலுக்குப் போறனீங்கள் எண்டு தெரியும். ஒரே குசினிக்கும் போறீங்களோ?”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். சேர் கடைசி மேசையின் துணியை எடுத்தார். றொஷேல் அப்போதுதான் தன் கலத்தைக் கண்டாள்.

மார்த்தா மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் முதலில் வந்தது விளங்காமை. பிறகு விளக்கம் வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. அதுதான் மார்த்தாவுக்குப் பயமாக இருந்தது.

“றொஷேல், புன்வெற்றிடத்துக்குள்ள கருவோ?” சேர் தாமே கரண்டியால் தொதலை நெம்பினார். பால்நிறக் குழியின் அடியில் கத்திமுனைச் சிலுவை. “நீரும் அந்தக் குசினியோ? உம்மை நான் அப்பிடி நினைக்கேல்லை.”

“சேர், இதை நான்தான் செய்தனான்.” அவள் நிறுத்தினாள். “ஆனா நான் செய்தது இதில்லை.”

வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. பின்வாங்கிலிருந்து, “தாய் செய்தது” என்று ஒரு குரல் வந்தது. றொஷேல் திரும்பிப் பார்க்கவில்லை. யன்னல் பக்கமும் பார்க்கவில்லை.

அமிர்தநாயகம் மார்த்தாவின் பக்கமாகச் சாய்ந்து, உதடு அசையாமல், “பேசாம நில் தங்கச்சி. இண்டைக்குக் கத்திப்போட்டு நாளைக்கு மறந்துபோவார்” என்றார்.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பதினொருவரின் பெற்றோரும் ஞாயிறுதோறும் அவளுக்கு முன்னும் பின்னும் முழந்தாளிடுபவர்கள். அவர்களுடைய வெட்கத்தைச் சபையில் வைத்துச் சொன்னால், பிறகு யார் அவளிடம் கேக்குக்குச் சொல்வார்கள்? பேசாமல் நின்றாலோ, மகளும் அந்தப் பன்னிருவரில் ஒருத்தியாகிவிடுவாள். எந்தப் பேச்சுக்கு அஞ்சி அவள் வாக்கு வாங்கினாளோ அந்தப் பேச்சு நிலைத்துவிடும். மார்த்தா இதை நின்று நிறுத்துப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கால் முந்திக்கொண்டது. அவள் வாசலால் உள்ளே போனாள்.

“சேர், பன்னிரண்டிலயும் என்ர கைதான். பதினொண்டு கேட்டுச் செய்தது. பன்னிரண்டாவது கேக்காமச் செய்தது.”

சேர் கரண்டியைத் தாழ்த்தினார்.

“பிள்ளை தன்ர கையால செய்து, அதை மூலையிலதான் வச்சது. தொடமாட்டன் எண்டு என்னட்டச் சொல்லு வாங்கினது. காலமை அது பஸ் ஏறினாப் பிறகு நான் தூக்கி நடுவில வச்சனான். இதில பிழை என்ர. அதுக்கு இதில ஒண்டுமில்லை.”

“ஏனம்மா நடுவில?”

மார்த்தா மகளின் தட்டைக் காட்டினாள். “ஆளுறது அதுதான் எண்டு புத்தகத்தில கிடந்தது சேர். ஆளுறவர் நடுவில இராம மூலையிலயோ இருப்பார்? படம்தான் பிழையாக்கும் எண்டு…”

வகுப்பு மறுபடியும் சிரிக்கத் தொடங்கியது. சேர் கையைக் காட்டி நிறுத்தினார். “சிரிக்க ஒண்டுமில்லை. போன தவணை உங்களில ஏழுபேர் இதே பிழையைச் சோதனையில விட்டனீங்கள். ஒருத்தரும் ஏனெண்டு சொல்லேல்லை.” பிறகு மார்த்தாவிடம் திரும்பினார். “அம்மா, இலையின்ர கலத்துக்குள்ள கூடின இடத்தை எடுக்கிறது தண்ணி. இந்தப் புன்வெற்றிடம் தண்ணியால ஊதி நடுவைப் பிடிச்சிடும். கரு சுவரோட ஒதுங்கி நிக்கும். ஒதுங்கி நிண்டுதான் எல்லாத்தையும் நடத்தும். விலங்குக் கலத்தில அப்பிடிப் பெரிய வெற்றிடம் இல்லை. அங்க நடுவில நிக்கும்.”

“அப்ப படம் சரி,” என்றாள் மார்த்தா.

“படம் சரி.”

இருபத்தேழு ஆண்டுக்கு முன் மூடிவைத்த பாடத்தில் ஒரு பக்கம் அவளுக்குக் கூடிற்று. ஆயினும் அதை எண்ணி மகிழும் நேரம் அதுவல்ல.

றொஷேல் வாய் திறந்தாள். “சேர், எனக்கு அஞ்சு நிமிசம் தருவீங்களோ?”

அவள் சேரிடமிருந்து கரண்டியை வாங்கினாள். தொதலை எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். தாய் ஊற்றி நிரப்பிய மூலையைக் கரண்டியால் தோண்டி, தொதலை அங்கே பழையபடி பதித்தாள். விளிம்பு கிழிந்து ஒரு வேஃபர் முறிந்தது. நடுவில் இருந்த குழி அப்படியே கிடந்தது. அதை மூட அவளிடம் ஒன்றுமில்லை. சற்றே யோசித்தாள். பிறகு தன் போத்தலை எடுத்து, கிணற்றுத் தண்ணீரைக் குழியினுள் மெல்ல ஊற்றினாள்.

“தண்ணி ஏன்?”

“புன்வெற்றிடத்தில கூடுதலா இருக்கிறது தண்ணிதானே சேர். கடல்பாசி சும்மா மாதிரிக்கு. இது உண்மை.”

கொஞ்சம் தண்ணீர் தட்டின் விளிம்பால் வழிந்தது. மார்த்தாவின் கை, கேக்கின் விளிம்பைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, சேலைத் தலைப்போடு முன்னே போயிற்று.

“அம்மா.”

அந்த ஒரு சொல்தான். மார்த்தா கையை இழுத்துச் சேலைக்குள் சுற்றிக்கொண்டாள்.

சேர் குனிந்து பார்த்தார். சாய்ந்த சுவர், கிழிந்த மூலை, நடுவில் அசைந்து ஒளிரும் தண்ணீர். இருபதுக்குப் பதினாறு எழுதினார். “நாலு வெட்டினது துப்புரவுக்கு. அது உம்முடைய பிழை இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா கண்ணால காணுறதுக்குத்தான் நான் புள்ளி போடலாம்.”

“சரி சேர்.”

“மற்றப் பதினொண்டுக்கும் கேக் வேலைக்கு இருபதுக்கு இருபது. ஆனா அதை இந்த அம்மாவுக்குத்தான் குடுக்கலாம். அவ என்ர வகுப்பில இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பதினொருத்தரும் இஞ்சை, இந்த மேசையில, எனக்கு முன்னால செய்யுங்கோ. பாணும் வாழைப்பழமும் போதும்.” பெற்றோர் நின்ற யன்னலை அவர் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமை அவர் செய்த மரியாதை.

பதினொரு கேக்குகளையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தவக்காலத்தில் இனிப்பை விட்டிருந்தார்கள். மதிலுக்கு வெளியே இரண்டு கழுதைகள் நின்றன. சேர் மார்த்தாவைப் பார்த்தார்.

“உங்கட ஆக்கள் கேக்குக்குப் பிராந்தி விடுறவையெல்லே?”

“கலியாணக் கேக்குக்கு விடுறது. தவக்காலத்தில போத்திலைத் தொடுறேல்லை சேர்.”

“ஜெலற்றின்?”

“இல்லை. எல்லாம் கடல்பாசி.”

“அப்ப எங்கட பள்ளிவாசலில நோன்பு துறக்க ஐம்பது பிள்ளையள் வருங்கள். அதுகள் சாப்பிடட்டும். கருவை மட்டும் எடுத்துப்போட்டுப் பூச்சைத் தடவி விடுங்கோ.”

மார்த்தா கரண்டியின் பின்புறத்தால் பதினொரு சிலுவைகளையும் தானே தடவி மூடினாள். பதினொரு பெட்டிகளும் முச்சக்கரவண்டியில் எருக்கலம்பிட்டிக்குப் போயின.

வாசலில் அமிர்தநாயகம் காத்திருந்தார். “வாயைத் திறக்காம நிண்டிருந்தா உனக்கென்ன தங்கச்சி?”

“பிள்ளைக்கு அண்ணை.”

“என்ர பிள்ளையும் பிள்ளைதான்.”

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டுத் திருவிழாக் கேக் நகரத்து வெதுப்பகத்திலிருந்து வருமென்று மூன்றாம் நாள் சொல்லியனுப்பினார். பதினொரு வீட்டாரில் இருவர் கோவில் முற்றத்தில் முகம் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், உயிர்ப்பு ஞாயிறுக்குக் கேக் வேண்டுமென்று பின்படலையால் வந்தாள்.

வீடு திரும்பும் பேருந்தில் றொஷேல் வேறு ஆசனத்தில் இருந்தாள். வீட்டிலும் வேண்டிய சொற்களைத் தவிர வேறு பேசவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்றால் ஓம். போதுமா என்றால் போதும். பஸ்ரியன் ஒருநாள் பொறுத்தான், இருநாள் பொறுத்தான். மூன்றாம் நாள், “சாட்சிக்காரனைக் கேக்காம ஒப்பந்தத்தை உடைச்சாக் குற்றம் தாய்க்குத்தான்” என்றான். மார்த்தா, “ஓம்” என்றாள். அத்துடன் அவனும் விட்டுவிட்டான்.

அடுத்த செயற்றிட்டத்தில் சேர் பிரிவுகளை மாற்றிக் கொடுத்தார்; பேசாலைப் பிள்ளைகளுக்கு விலங்குக் கலம். ஞாயிறு பூசை முடிந்து வந்து றொஷேல் குசினி மேசையில் பழைய வட்டத் தட்டொன்றை வைத்துக் கடல்பாசி காய்ச்சினாள். மார்த்தா எழுந்து முற்றத்துக்குப் போகப் பார்த்தாள்.

“அம்மா, அந்தக் கதிரையில இருங்கோ.”

மார்த்தா இருந்தாள். கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள். கடல்பாசி உறையத் தொடங்கியது. றொஷேல் தொதலை உருட்டி நடுவில் வைத்துவிட்டு, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

“நடுதானோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. தொடாதேங்கோ.”

மார்த்தா இடக்கண்ணை மூடினாள்.

“ஒரு நூல் இடப்பக்கம் நிக்குது.”

றொஷேல் தட்டைப் பார்த்தாள். தொதலில் விரலை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள்.

“நிக்கட்டும்,” என்றாள்.

“ஓம், நிக்கட்டும்,” என்று மார்த்தா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள்.